செடி பச்சை, காய் பொக்கு: எண்ணெய் வித்து உரக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மார்கழிப் பட்டக் கடலையையும் மாசிப் பட்ட எள்ளையும் பற்றியவை. பதில்களில் உள்ள அளவெல்லாம் ஏக்கர் கணக்கு. வரவு செலவு போடுவதற்கு 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: குவிண்டாலுக்குக் கடலைக்காய் 7,263 ரூபாய், எள் 9,846, சூரியகாந்தி 7,721. உங்கள் ஊர் மண்டியில் வேறு விலை என்றால் அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மல்லாட்டைச் (நிலக்கடலை) செடி முழங்கால் உயரம் கருகருவென்று நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக் காய் பொக்கு, உள்ளே பருப்பில்லை. அடியில் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஒரு மூட்டை, பிறகு இரண்டு தவணையாக யூரியா இரண்டு மூட்டை போட்டேன். எதில் குறை வைத்தேன்? (செஞ்சி)

குறை வைத்தது சுண்ணாம்புச் சத்தில் (கால்சியம்), அளவு மீறியது தழைச்சத்தில் (நைட்ரஜன்). நீங்கள் போட்டதைக் கூட்டிப் பாருங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு மூட்டையில் தழைச்சத்து 41 கிலோ. டிஏபியில் இன்னொரு 9. ஆக 50 கிலோ. இறவைக் கடலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கே 25 கிலோதான், அதாவது ஏக்கருக்கு 10. ஐந்து மடங்கு போய்விட்டது. சாம்பல் சத்து (பொட்டாஷ்) ஒரு கிலோகூட இல்லை.

கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர் முடிச்சில் தானே தயாரித்துக்கொள்ளும் பயிர். மேலே யூரியா தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு சோம்பிவிடும். செடி இலையும் தண்டுமாக வளரும், பூ பின்தங்கும். பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாக வேண்டிய விழுது, உயரத்தில் பூத்தால் மண்ணைத் தொடாமலே காய்ந்துபோகும். 30, 35ஆம் நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, மேலுரமாக யூரியா வேண்டியதில்லை. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அடுத்த பட்டத்தில் ஏக்கர் விதைக்குக் கடலைக்கான ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) 250 கிராம் கலந்து விதையுங்கள்.

இனி பொக்குக்கு வருவோம். மற்ற சத்துகளை வேர் உறிஞ்சிக் காய்க்கு அனுப்பும். சுண்ணாம்புச் சத்து அப்படிப் போவதில்லை. அது நீரோடு மேல்நோக்கி, நீர் ஆவியாகும் இலைப் பக்கமே போகும். இலையில் சேர்ந்ததை அங்கிருந்து இறக்கிக் கொண்டுவரச் செடியால் முடியாது. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாகாததால் வேர் வழியாக அதற்கு வரும் பங்கு சொற்பம். ஆகவே காய் தன் ஓட்டின் வழியாக, தன்னைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று அங்குல மண்ணிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. அந்த மேல்மண்ணில் அது கரைந்த நிலையில் இல்லையென்றால் செடி எவ்வளவு செழித்தும் பயனில்லை. ஓடு மட்டும் வளரும், உள்ளே பருப்பு சுருங்கிவிடும்.

இதற்குத்தான் ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் உள்ள தூள்). விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், இரண்டாம் களை எடுக்கும்போது, 160 கிலோவைச் செடி வரிசையின் இரு பக்கமும் தூவி, கொத்தி, மண் அணைத்துவிட வேண்டும். பனி காய்ந்த பிறகு தூவுங்கள். ஈர இலையில் விழுந்தால் தூள் இலையிலேயே ஒட்டிக்கொள்ளும். மானாவாரியில் 40 முதல் 75 நாளுக்குள் மழை ஈரம் கிடைக்கும் நாளைப் பார்த்துப் போடலாம். ஆனால் விழுது இறங்கி முடிந்த வரிசையில் மண்வெட்டியை ஓட்டினால் அறுந்து போகும் விழுதின் நஷ்டம் ஜிப்சத்தின் லாபத்தைத் தின்றுவிடும். அந்த நிலையில் தூவி நீர் விடுவதோடு நிறுத்துங்கள்.

ஜிப்சம் போட்டும் பொக்கு வந்தது என்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. ஒரு லிட்டர் நீரில் இரண்டு, இரண்டரை கிராம் ஜிப்சம்தான் கரையும். விழுது மண்ணில் இறங்கியபின் வரும் மூன்று வாரம் மேல்மண் காய்ந்து கிடந்தால் ஜிப்சம் பொடியாகவே கிடக்கும், காய்க்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொரு காரணம் பொட்டாஷ். கடலைக்கு அது தேவைதான், ஆனால் காய் பிடிக்கும் நேரத்தில் மேல்மண்ணில் அள்ளிப் போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு போட்டியிட்டு அதை ஓரம் தள்ளிவிடும். அடியுரமாகவே அதிகப் பங்கைக் கொடுத்துவிடுவது நல்லது. பெரிய பருப்பு ரகங்களில் இந்தத் தொல்லை சிறு பருப்பு ரகங்களைவிட அதிகம்.

உங்கள் வயலில் குறை சுண்ணாம்பா, போரான் என்ற நுண்சத்தா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. வயலின் பல இடத்திலிருந்து நூறு காய் எடுத்து உடையுங்கள். பொக்கை எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். முளைக்குருத்து கறுத்திருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை. பருப்பின் உட்பக்கம் குழிந்து பழுப்பேறியிருந்தால் போரான் குறை. பின்னதற்கு 45ஆம் நாள் போராக்ஸ் 4 கிலோவை ஜிப்சம் 80 கிலோவோடு கலந்து போடலாம். நான்கு கிலோ என்றால் நான்குதான். போரானில் போதுமானதற்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகல். கூடினால் இலை ஓரம் கருகிவிடும்.

கறுத்த குருத்து உள்ள காயை விதைக்கு வைக்காதீர்கள், முளைப்பு ஏமாற்றும்.

கேள்வி: ஜிப்சம் விலை, வண்டி வாடகை, தூவும் கூலி எல்லாம் சேர்த்தால் கட்டுபடி ஆகுமா? (ஆரணி)

மூன்றும் சேர்ந்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 72 ரூபாய் 63 காசு விலையில் 21 கிலோ காய் கூடுதலாக வந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரில் விதைத்த வயலில் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,35,000 செடி நிற்க வேண்டும். இடைவெளி விழுந்ததைக் கழித்து ஒரு லட்சம் என்றே வையுங்கள். செடிக்குக் கால் கிராமுக்கும் குறைவு, அதாவது ஐந்து செடிக்கு ஒரு காய் பொக்கில்லாமல் திரண்டால் போதும். செம்மண், மணல் சாரி மண்ணில் இந்த அளவு பெரும்பாலும் வந்துவிடும். எடை மட்டுமல்ல, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வியாபாரி கை நிறைய காயை அள்ளி உடைத்துப் பார்த்துத்தானே விலை எழுதுகிறார்? 100 கிலோ காய்க்கு 70 கிலோ பருப்பு காணும் குவியலுக்கும் 60 காணும் குவியலுக்கும் அவர் ஒரே விலை எழுதமாட்டார்.

ஜிப்சத்தில் பணத்தை வீணாக்கும் இடமும் உண்டு: சுண்ணாம்பு மண். வயல் மண்ணில் கொஞ்சம் எடுத்து நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டுப் பாருங்கள் (வினிகரும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்). நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அங்கே ஜிப்சத்தைத் தவிர்த்துவிட்டு, கந்தகத்துக்கு அம்மோனியம் சல்பேட்டையோ சூப்பர் பாஸ்பேட்டையோ (சுருக்கமாக சூப்பர்) நம்புங்கள். நூற்புழுவால் ஓட்டில் கறுப்புப் புள்ளி விழும் வயலில் மட்டும் ஜிப்சத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அடியுரமாகவே கொடுக்க வேண்டும்.

கேள்வி: அடியுரத்துக்கு சூப்பரா, டிஏபியா? கடையில் டிஏபிதான் வேலை செய்யும் என்கிறார்கள். (திண்டிவனம்)

மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் கூட வருவதில். சூப்பரில் 16 சதம் மணிச்சத்தோடு 11 சதம் கந்தகமும் 20 சதத்தை ஒட்டிய சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. டிஏபியில் 18 தழை, 46 மணி, அவ்வளவே.

இறவைக் கடலைக்கு 10:20:30 (முறையே தழை, மணி, சாம்பல் சத்து, கிலோவில்) என்று கணக்கிட்டால், சூப்பர் வழியில் சூப்பர் இரண்டரை மூட்டை (125 கிலோ), யூரியா 22 கிலோ, பொட்டாஷ் ஒரு மூட்டை. டிஏபி வழியில் டிஏபி 43 கிலோ, யூரியா 5 கிலோ, பொட்டாஷ் அதே ஒரு மூட்டை. டிஏபி மூட்டை 1,350, யூரியா 266 ரூபாய் 50 காசு, சூப்பர் 600 என்று வைத்தால், பொட்டாஷ் நீங்கலாக சூப்பர் வழி 1,630 ரூபாய், டிஏபி வழி 1,190. ஆக 440 ரூபாய் அதிகம் கொடுத்து ஏறக்குறைய 14 கிலோ கந்தகம் வாங்குகிறீர்கள். ஆறு கிலோ காயில் அது ஈடாகிவிடும்.

ஒரு டன் எண்ணெய் வித்து விளைய ஏறக்குறைய 12 கிலோ கந்தகம் மண்ணிலிருந்து போகிறது. தானியங்களுக்கு மூன்று நான்கு கிலோ போதும். முன்பு சூப்பரும் அம்மோனியம் சல்பேட்டும் போட்ட காலத்தில் கந்தகம் கேட்காமலே வயலுக்கு வந்துகொண்டிருந்தது. டிஏபியும் யூரியாவும் அந்த இடத்தைப் பிடித்தபின் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. மண் பரிசோதனை அட்டையில் கந்தகம் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே இருந்தால் கடையில் என்ன சொன்னாலும் சூப்பரையே கேளுங்கள். கிடைக்காதபோது 20:20:0:13 காம்ப்ளக்ஸ் (கடைசி எண் கந்தகம்) ஒரு மூட்டையில் ஆறரை கிலோ கந்தகம் உண்டு.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 40ஆம் நாள் முழு அளவு ஜிப்சம் போடுவது உறுதி என்றால் கந்தகத்தில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். அப்போது டிஏபி போட்டவர் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டார். ஜிப்சமும் இல்லை, சூப்பரும் இல்லை என்பதுதான் கெடுதல். அதேபோல் வருடக்கணக்காக டிஏபி போட்டுவந்த வயலில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று அட்டையில் வருவது இப்போது சகஜம். அங்கே மணிச்சத்தைக் குறைப்பதே முதல் லாபம். குறைக்காமல் மேலும் மேலும் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்கு எட்டாமல் போகும்.

கேள்வி: கடலை இலை மஞ்சள் அடிக்கிறது. யூரியா தெளித்தும் பச்சை திரும்பவில்லை. (பல்லடம்)

எந்த இலை மஞ்சள் என்று எழுதவில்லையே! அதுதான் முக்கியம். அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனியில் வரும் புது இலை நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளிறினால் கந்தகம். புது இலையில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்று இடைப்பட்ட பகுதி மஞ்சளாகி, போகப்போக வெள்ளைக் காகிதம் போல ஆனால் இரும்பு. உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் பெரும்பாலும் கடைசியதாகத்தான் இருக்கும். இரும்பு மண்ணில் இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நீர் தேங்கினால் இன்னும் மோசம். முதலில் பாசனத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) 2 கிலோ, சிட்ரிக் அமிலம் 200 கிராம், தண்ணீர் 200 லிட்டர். சிட்ரிக் அமிலத்தை முதலில் நீரில் கரைத்துவிட்டு அப்புறம் பெரஸ் சல்பேட்டைப் போடுங்கள். 30, 40, 50ஆம் நாள்களில் மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். கரைசல் இளம்பச்சையாக இருக்கும்வரைதான் பலன். துருப் பிடித்த பழுப்பாகிவிட்டால் கீழே ஊற்றிவிடுங்கள். பெரஸ் சல்பேட் மூட்டையே பழுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். டிஏபி கரைசலோடு ஒரே டேங்கில் கலந்தால் இரண்டும் சேர்ந்து படிந்துபோகும், நாசில் அடைத்ததுதான் மிச்சம்.

கேள்வி: துத்தநாக சல்பேட்டையும் சூப்பரையும் ஒன்றாகக் கலந்து தூவலாமா? (விருத்தாசலம்)

கூடாது. மணிச்சத்தோடு சேர்ந்தால் துத்தநாகம் கரையாத உப்பாக மாறிவிடும். 10 கிலோ துத்தநாக சல்பேட்டைத் தனியாக மணலோடு கலந்து தூவுங்கள். கடலைக்கான நுண்சத்துக் கலவை போடுகிறீர்கள் என்றால் 5 கிலோவுடன் 15 கிலோ மணல் கலந்து, விதைத்த உடனே மண்ணின் மேலாகத் தூவினால் போதும். துத்தநாகம் தனியாகத் தேவைப்படாது.

கேள்வி: சம்பா அறுத்த வயலில் மாசியில் எள் தெளிக்கிறோம். எள்ளுக்கு உரம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அப்படியே விட்டுவிடுவது வழக்கம். போட்டால் லாபமா? (திருத்துறைப்பூண்டி)

போடலாம், ஆனால் எள்ளில் முதல் லாபம் உர மூட்டையில் இல்லை. ‘எள்ளுக்கு ஏழு உழவு’ என்று சொன்னவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். விதை சிறியது, கட்டியும் பொந்துமாக இருக்கும் நெல் வயலில் பாதி முளைக்காது. முளைத்த இடத்திலோ கொத்துக் கொத்தாக நிற்கும். ஏக்கருக்கு 2 கிலோ விதையை நாலு மடங்கு மணலோடு கலந்து தெளித்து, 15ஆம் நாள் செடிக்குச் செடி அரை அடியும், 30ஆம் நாள் ஒரு அடியும் இருக்கும்படி கலைத்துவிடுங்கள். கலைக்காத எள்ளுக்குப் போடும் உரம் தண்டை மட்டும் நீளமாக்கும். ஒற்றைத் தண்டில் நுனியில் நாலு காய் பார்ப்பதற்கா உரம்?

கலைத்து, ஒன்றிரண்டு தண்ணீர் விட முடியும் என்றால் 14:9:9 கிலோ சத்து. யூரியா 30 கிலோ, சூப்பர் 56, பொட்டாஷ் 15. இதோடு மாங்கனீசு சல்பேட் 2 கிலோவை மணலில் கலந்து தூவலாம். சூப்பர் மூட்டை 600, பொட்டாஷ் மூட்டை 1,700 என்று வைத்தால் மாங்கனீசு நீங்கலாக ஏறத்தாழ 1,360 ரூபாய் செலவு. 14 கிலோ எள் கூடினால் ஈடு. தண்ணீர் வசதி இல்லாத, எஞ்சிய ஈரத்தில் மட்டும் வரும் எள்ளுக்கு இந்த முழு அளவு வேண்டாம். 9:5:5 போதும். அதுவும் கடைசி உழவில் மண்ணுக்குள் போக வேண்டும். காய்ந்த மேல்மண்ணில் தூவிய யூரியா காற்றோடு போகும். உழவில் போட முடியாமல் போனால் பூக்கும் சமயம் ஒரு சத டிஏபி தெளிப்பு கொஞ்சம் கைகொடுக்கும்.

பூ வர வேண்டிய இடத்தில் கொத்தாகச் சின்னச் சின்ன இலை வந்திருந்தால் சத்துக் குறை என்று நினைத்து எதையும் தெளிக்காதீர்கள். அது பூவிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒன்று: எள் வயலில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் எந்த உரமும் காப்பாற்றாது, வடிகாலை முதலில் வெட்டுங்கள்.

கேள்வி: சூரியகாந்திப் பூ பெரிதாக இருக்கிறது, விதை முக்கால்வாசி பதர். போராக்ஸ் அடித்தால் சரியாகுமா? (கோவில்பட்டி)

பதர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூவின் நடு வட்டம் மட்டும் பதராக இருந்தால், விதை நிரம்பும் நேரத்தில் ஈரமோ உணவோ போதவில்லை. போராக்ஸ் அதைத் தீர்க்காது. பூ முழுக்கத் திட்டுத் திட்டாகப் பதர் என்றால் மகரந்தம் சேரவில்லை. பூக்கும் சமயம் பூச்சிமருந்து அடித்தீர்களா? தேனீ வராத வயலில் காலை 9 முதல் 11 மணிக்குள் மெல்லிய துணியைக் கையில் சுற்றிப் பூ மேல் இலேசாகத் தேய்க்க வேண்டும்; ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்தாறு முறை.

மேல் இலை தடித்து நொறுங்குவதும், பூவுக்குக் கீழே தண்டு வெடிப்பதும், பூ கோணலாவதும் கூடவே தெரிந்தால் போரான் குறை. வெளி வட்ட மஞ்சள் இதழ் விரியும் தருணத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ், அதாவது 200 லிட்டருக்கு 400 கிராம், பூவில் படும்படி தெளியுங்கள். போராக்ஸ் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. சிறிது வெந்நீரில் கரைத்து வடிகட்டி அப்புறம் டேங்கில் ஊற்றுங்கள். இதழ் வாடியபின் தெளிப்பது காசுக்குக் கேடு.

கேள்வி: டிஏபி ஊறவைத்துத் தெளிக்கும் முறையின் அளவு வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘நிலக்கடலை ரிச்’ தெளிப்புச் சத்துக் கலவையையும் சேர்த்து அடிக்கலாமா? (அறந்தாங்கி)

டிஏபி 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம். 15 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அசைக்காமல் தெளிவை மட்டும் இறுத்து வடிகட்டுங்கள். 13 லிட்டர் போலக் கிடைக்கும். அதை 200 லிட்டராக்கி 25ஆம் நாளும் 35ஆம் நாளும் தெளிக்கவும். கீழே தங்கும் மண்டியைத் தூக்கி எறியாதீர்கள், எருக்குழியில் கொட்டலாம்.

நிலக்கடலை ரிச் என்றால் தெளிப்புக்கு 2 கிலோ, 200 லிட்டரில், பூக்கும்போது ஒன்று, காய் திரளும்போது ஒன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் அடிப்பதால் செலவு இரண்டு மடங்காகும், காய் இரண்டு மடங்காகாது. அடியுரமும் ஜிப்சமும் போடாத வயலில் தெளிப்பு மட்டும் போட்டுக் காத்திருக்காதீர்கள். இலை வழியாக உள்ளே போவது கிராம் கணக்கு, பயிர் கேட்பது கிலோ கணக்கு.

கேள்வி: சொந்தமாகச் செக்கில் ஆட்டி விற்கிறேன். எண்ணெய் கூட வர எந்த உரம்? (காங்கேயம்)

கந்தகம் உதவும். எண்ணெய் உருவாக வேண்டிய நொதிகளுக்கும் துணைப் பொருள்களுக்கும் அது தேவை. அளவு மீறிய தழைச்சத்து எதிர்ப்பக்கம் இழுக்கும்: பருப்பில் புரதம் ஏறி எண்ணெய்ச் சதம் இறங்கும். ஆனால் உரத்தால் எண்ணெய்ச் சதம் ஒன்றிரண்டு கூடுவதைவிட, பருப்பு திரண்டு உடைப்பில் (காயை உடைத்தால் கிடைக்கும் பருப்பின் எடையில்) கூடுவதுதான் பெரிய வரவு. சதத்துக்கு என்று மண்டியில் யாரும் தனியாகக் காசு தருவதில்லை. ஆட்டி விற்கும் உங்களுக்கு மட்டும் அது சொந்தம். இரண்டேகால் கிலோ பருப்பில் ஒரு லிட்டர் வருகிறதா, இரண்டரை ஆகிறதா என்று ஒவ்வொரு வயல் காயையும் தனித்தனியே ஆட்டி எழுதிவையுங்கள். ஒரே செக்கு, ஒரே காய்ச்சல் பதம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். முற்றாத காயைச் சேர்த்துப் பறித்துவிட்டு உரத்தைக் குறை சொல்வதும் நடக்கிறது. பறிக்கும் முன் பத்துச் செடியின் காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முக்கால்வாசிக் காயில் அது கறுத்துப் பழுப்பாகியிருந்தால் பறிக்கலாம், வெள்ளையாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம்.